ஓடைக்கு ஒன்று என்று எழுதிய சீட்டு

ஏழு சீட்டுகளைத் தரையில் வரிசையாக வைத்து, பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு சோழியை வைத்திருந்தேன். மடியில் என் பிள்ளை. அவனுக்கு அப்போது பத்து மாதம், பல் முளைக்கிற நேரம். கையில் எது கிடைத்தாலும் வாய்க்குத்தான் போகும். சோழி கிடைத்தால் சோழி, காகிதம் கிடைத்தால் காகிதம்.

"ஜாக்கிரதை. ஒரு ஓட்டு அவன் வயித்துக்குள்ள போயிட்டா அப்புறம் எலெக்‌ஷனே செல்லாது" என்றார் இவர்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அன்று அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

திண்டிவனத்தில் எங்கள் வீட்டு முன்னறை. மத்தியானம் மூன்று மணி இருக்கும். தெருவில் மல்லாட்டை மூட்டை ஏற்றிய வண்டிகள் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தன. கடலைத் தோல் தூசி ஜன்னல் வழியாக வந்து சீட்டுகளின் மேல் படிந்தது. நான் முந்தானையால் தட்டிவிட்டு ஒவ்வொன்றாக வாசித்தேன். இவர் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டில் குறித்துக்கொண்டார்.

ஆறு சீட்டு வரைக்கும் ஒரு தொல்லையும் இல்லை. ஏழாவதைப் பிரித்ததும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"இன்னா?" என்றார்.

"இதுல கோடு இல்லைங்க. நம்பர் போட்டிருக்கு."

இவ்வளவு நாளாக இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் கல்யாணம், பிரசவம், பட்டணத்து வீட்டுக்காரி என்று என்னென்னவோ எழுதிவிட்டேன். இதை மட்டும் ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிக்கொண்டே வந்தேன். போன வாரம் பிள்ளைக்கு இருமல் என்று ஒரு சாக்கு. இந்த வாரமும் இருமல் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

லட்டும் முறுக்கும்

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. என் கணவர் கணக்குப் படித்தவர். பட்டணத்தில் ஒரு கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிய சமயத்தில் நாங்களும் திண்டிவனத்துக்கு வந்துவிட்டோம்.

அவருடைய ஆராய்ச்சி ஓட்டுப் போடுவதைப் பற்றியது. யார் ஜெயிப்பார் என்பது அதில் இல்லை. பத்துப் பேருக்குப் பத்து மனசு இருக்கிறது. அதிலிருந்து ஒரு முடிவை எப்படி எடுத்தால் நியாயம் என்பதுதான் கேள்வி. சீட்டாட்டத்தையும் சண்டையையும் பேரத்தையும் ஒரே கணக்கில் அடக்குகிற புதிய சாஸ்திரம் ஒன்று மேல்நாட்டில் கிளம்பியிருப்பதாகச் சொல்லி, அதையும் இதையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் எழுதுவதை நல்ல எழுத்தில் படியெடுப்பது என் வேலை. நான் விழுப்புரத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்தவள். அப்பா ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கிற குமாஸ்தா. எனக்குக் கையெழுத்து அழகாக இருக்கும். புத்தி எப்படி என்பதை நான் சொல்லக்கூடாது.

பெண் பார்க்க வந்த அன்று இவர் என்னைப் பாடச் சொல்லவில்லை. தட்டைக் காட்டி, "லட்டு, முறுக்கு, ரெண்டுல எது பிடிக்கும்?" என்று கேட்டார். லட்டு என்றேன். "முறுக்கு, அதிரசம்?" முறுக்கு என்றேன். "அதிரசம், லட்டு?" எனக்கு வியர்த்துவிட்டது. அதிரசம் என்று சொல்லிவைத்தேன்.

பெண் உளறிக்கொட்டிவிட்டது, சம்பந்தம் போயிற்று என்று அப்பா தலையைக் குனிந்துகொண்டார். இவர் முகத்திலோ விளக்கேற்றின மாதிரி ஒரு வெளிச்சம். "ஒரு ஆளுக்குள்ளயே வட்டம் சுத்துதே, ஊருக்குள்ள சுத்தாம இருக்குமா?" என்று கல்யாணத்துக்குப் பிறகு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

நானும் அவருக்கு ஒரு கதை கொடுத்தேன். எனக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் விழுப்புரத்தில் ஒரு தேர்தல் நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஆளுக்கொரு கலரில் பெட்டி. அம்மா ஓட்டுப் போடப் போனபோது நானும் கூடப் போனேன். எங்கள் தெருப் பெண்கள் எல்லாரும் ஒரு மனிதருக்குத்தான் போடுவதாக இருந்தார்கள். ரொம்ப நல்லவர். அவருக்கு வெள்ளைப் பெட்டி வந்துவிட்டது. "பூவும் பொட்டுமா போய் வெள்ளைப் பெட்டியில கை வைப்பாங்களா யாராச்சும்?" என்று அம்மா வேறு பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள். மற்றவர்களும் அப்படித்தான்.

இதைக் கேட்டு இவர் ஒரு வாரம் அதே பேச்சாக இருந்தார். "பெட்டியோட கலர எந்தப் புஸ்தகத்துலயும் கணக்குல சேக்கலையே, கமலா!"

அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறவர். அதனால்தான் பின்னால் நடந்ததை என்னால் இன்றைக்கும் நம்ப முடியவில்லை.

ஒரு கிணறு, மூன்று இடம்

ஒலக்கூரைத் தாண்டி உள்ளே போகிற மண் சாலையில் ஒரு கிராமம். பெயர் வேண்டாம். அந்த ஊருக்குக் குடிதண்ணீர்க் கிணறு ஒன்று வெட்ட மேலிடத்தில் உத்தரவாகியிருந்தது. எங்கே வெட்டுவது என்பதில்தான் தகராறு.

கோயிலடியில் வெட்டலாம் என்று பஞ்சாயத்தில் மூன்று பேர். ஓடைக்கரையில் வெட்டலாம் என்று மூன்று பேர். களர்மேட்டில் வெட்டலாம் என்று ஒருவர்; அவருடைய நிலம் அதற்குப் பக்கத்தில் இருந்தது. மொத்தம் ஏழு பேர். நாலு கை தூக்கினால்தான் முடிவு. நாலு கை எழும்பவே இல்லை.

கோயிலடி ஊருக்கு நடுவில். அங்கே முன்பே இரண்டு கிணறு உண்டு. ஓடைக்கரை சேரிக்குப் பக்கத்தில். சேரிக்கு ஒரு கிணறும் கிடையாது. ஓடை மணலில் குழி பறித்து, ஊறுகிற தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டு போவார்கள். கோயிலடியில் எத்தனை கிணறு வெட்டினாலும் அவர்கள் அதில் கயிறு விட முடியாது. தள்ளி நின்று, யாராவது இரக்கப்பட்டு ஊற்றினால் உண்டு.

ஓடைக்கரைக்குக் கை தூக்கியவர்களில் இரண்டு பேர் அந்தப் பக்கம் நிலம் வைத்திருந்தவர்கள். மூன்றாவது ஆள் சின்னப்பன். சேரிக்காக நியமனம் ஆன மெம்பர். திண்டிவனத்தில் மல்லாட்டை மில்லில் வேலை. மிஷன் சாயங்காலப் பள்ளிக்கூடத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர்.

பஞ்சாயத்துத் தலைவர் இவருக்குத் தூரத்து உறவு. ஒரு நாள் வீட்டுக்கு வந்தார்.

"இன்னா மாப்ளே, ஓட்டுப் போடறதயே படிச்சிக்கினு கீறியாமே? எங்க கிணத்துக்கு ஒரு வழி பண்ணு. ரெண்டு தபா கூட்டம் போட்டு கை தூக்கினோம். கை வலிச்சதுதான் மிச்சம். இந்த மாசத்துக்குள்ள எடம் சொல்லலைன்னா உத்தரவ வாபஸ் வாங்கிடுவேன்றான் ஆபீசரு."

"வழி இருக்கு மாமா. ஆனா என்ன ரிசல்ட் வந்தாலும் ஒத்துக்கணும்."

"ஒத்துக்கினா போச்சு. சண்டை ஓஞ்சா சரி."

இவருடைய வழி சுலபமானது. ஒவ்வொருவரும் மூன்று இடத்துக்கும் கோடு போட வேண்டும். மிகவும் பிடித்த இடத்துக்கு மூன்று கோடு, அடுத்ததுக்கு இரண்டு, கடைசிக்கு ஒன்று. எல்லாவற்றையும் கூட்டினால் எந்த இடத்துக்கு அதிகமோ அந்த இடம். எழுதத் தெரியாதவரும் கோடு போடலாம். எந்தச் சீட்டு யாருடையது என்று யாருக்கும் தெரியாது.

சீட்டில் பெயர் எழுதினால் பாதிப் பேருக்குப் படிக்க வராது என்று நானே படம் வரைந்தேன். கோபுரம், வளைந்து போகும் ஓடை, ஒரு மேடு. ஏழு சீட்டுக்கும் வரைந்தேன். ஓடைக்குள் சின்னதாக ஒரு மீன்கூடப் போட்டேன். 

கோடும் நம்பரும்

அந்த ஏழாவது சீட்டுக்கு வருகிறேன்.

"படி" என்றார் இவர்.

"கோயிலடி மூணு. களர்மேடு ரெண்டு. ஓடை ஒண்ணு."

"அவ்ளோதானே? மூணு கோடு போட்டா இன்னா, மூணுன்னு எழுதினா இன்னா? மூணு மூணுதான்."

"இல்லைங்க. ஒண்ணுன்னா மொதல்ல வர்றதுதானே? கிளாஸ்ல ஒண்ணாவது வந்தான்னு சொல்றோம். இவரு அப்படி நினைச்சுப் போட்டிருந்தா? ஓடைதான் மொதல்ல, கோயிலடி கடைசியிலன்னு?"

இவர் பென்சிலைக் கீழே வைத்தார். நான் சொன்னதை அவர் தள்ளிவிடவில்லை. நிஜமாகவே யோசித்தார்.

"ரெண்டு தபா சொன்னேனே. மூணு கோடுதான் ஒசத்தின்னு."

"எல்லாருக்கும் கேட்டுச்சா?"

"கோயில் மண்டபத்துல பேசினா கணீர்னு கேக்கும். ஏன் கேக்காம?"

"கை தூக்கினப்ப ஓடைக்கு மூணு பேரு. இப்ப பாத்தா ரெண்டு பேருதான் ஓடைக்கு ஒசத்தி குடுத்திருக்காங்க. கோயிலடிக்கு நாலாயிடுச்சு."

"மனசு மாறக்கூடாதா? அதுக்குத்தானே ரகசியமா போடச் சொன்னோம்." பென்சிலை மறுபடி எடுத்தார். "இப்ப நான் போயி யாருய்யா நம்பர் போட்டதுன்னு கேட்டா, அந்த ஒருத்தரு மட்டும் வெளிய தெரிஞ்சிடுவாரு. ரகசியம்னு வாக்குக் குடுத்திருக்கேன். சீட்ட வெச்சி ஆளக் கண்டுபிடிக்கிறது பாவம், கமலா. எழுதினது எழுதினதுதான்."

அவர் சொன்னதில் எது தவறு என்று அன்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் யாராவது கேட்டால் திணறித்தான் போவேன்.

கூட்டினார். கோயிலடிக்குப் பதினேழு. ஓடைக்கரைக்குப் பதினாலு. களர்மேட்டுக்குப் பதினொன்று.

இவர் கை அலம்பப் பின்கட்டுக்குப் போனார். நான் பால் கணக்கு எழுதுகிற சிலேட்டை எடுத்து அந்த ஏழாவது சீட்டைத் திருப்பிப் போட்டுக் கூட்டிப் பார்த்தேன். கோயிலடிக்கு இரண்டு குறைந்து பதினைந்து. ஓடைக்கு இரண்டு ஏறிப் பதினாறு.

ஒரே ஒரு கோட்டு வித்தியாசத்தில் ஓடை ஜெயிக்கிறது.

மறுபடியும் கூட்டினேன். அதே பதினாறு. இவர் செருப்புச் சத்தம் கேட்டது. எச்சில் தொட்டு அழித்துவிட்டேன். ஏன் அழித்தேன்? அவர் ஏற்கெனவே யோசித்துப் பதில் சொல்லிவிட்டார். மறுபடியும் கிளறினால் அவர் கணக்கை நான் நம்பவில்லை என்று ஆகிவிடும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மண்டபத்துக்கு வெளியே

அன்று கூட்டம் எப்படி நடந்தது என்பது எனக்குத் துண்டு துண்டாகப் பிறகுதான் தெரிந்தது.

கூட்டம் கோயில் மண்டபத்தில். சின்னப்பன் மெம்பர்தான், ஆனால் மண்டபத்துக்குள் வரமுடியாது. மதிலுக்கு வெளியே, தெருவில், வெயிலில் நின்றார். எப்போதும் அங்கேதான் நிற்பார். முதல் இரண்டு கூட்டத்திலும் அங்கிருந்துதான் கை தூக்கினார். தலையாரி பார்த்து வந்து சொல்வான்.

இவர் இரண்டு தடவை விளக்கியது ஆறு பேருக்கு. கணீரென்று கேட்டிருக்கும். மதிலைத் தாண்டிப் போயிருக்காது. தலையாரி ஏழாவது சீட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு வெளியே போனான். "டேய் சின்னப்பா, மூணு எடத்துக்கும் நம்பரு போட்டுக் குடு, ஜல்தி" என்றானாம். அவ்வளவுதான் விளக்கம்.

அவர் நம்பர் போட்டார். நீங்களும் நானும் எப்படிப் போட்டிருப்போமோ அப்படி.

"அவரு வெளிய நின்னது உங்களுக்குத் தெரியாதா?" என்று இவரிடம் ஒரு நாள் கேட்டேன். தெரியும் என்றார். பார்த்தாராம். அங்கே கேட்காது என்று தோன்றவில்லையாம்.

முடிவை இவர் ஒளிவுமறைவு இல்லாமல் எழுதி மண்டபத்துத் தூணில் ஒட்டினார். மொத்தம் மட்டும் போட்டால் சந்தேகம் வரும் என்று, எந்த இடத்துக்கு எத்தனை சீட்டில் மூன்று, எத்தனையில் இரண்டு என்று எல்லாம் போட்டார். அங்கேதான் அடி விழுந்தது. கோயிலடிக்கு நாலு சீட்டில் மூன்று! அப்படியானால் ஓடைக்குக் கை தூக்கிய மூன்று பேரில் ஒருத்தன் கட்சி மாறியிருக்கிறான். நிலம் வைத்திருக்கிற இரண்டு பேர் மாற மாட்டார்கள். மாறினவன் யார் என்று கண்டுபிடிக்க ஆராய்ச்சி வேண்டியதில்லை.

சேரியில் சின்னப்பனுக்கு நெருப்பும் தண்ணீரும் கொடுப்பதை நிறுத்தினார்கள்.

ஒரு நாள் மில் விட்டதும் எங்கள் வீட்டுக்கு வந்தார். இவர் பேராசிரியரைப் பார்க்கப் பட்டணம் போயிருந்தார். தெருவிலேயே நின்றார். தலையெல்லாம் மல்லாட்டைத் தோல் தூசி.

"ஐயா இல்லீங்களாம்மா?"

"ஊருக்குப் போயிருக்காரு. நாளான்னைக்கு வருவாரு."

"நான் கிணத்து ஓட்டுல இருந்த சின்னப்பன்ங்க." தயங்கினார். "எண்ணினதுல எதுனா தப்பு ஆயிருக்குமாம்மா? நான் ஓடைக்குத்தான் போட்டேன். எங்க ஆளுங்க வெல போயிட்டேன்னு சொல்லிக்கினு கீறாங்க. எம் பொஞ்சாதியோட கூடப் பொறந்தவனே மூஞ்சியில துப்பறான்."

என் பிள்ளை இடுப்பில் இருந்தான். அவன் தலையைத் தடவிக்கொண்டே நின்றேன்.

"எப்படிப் போட்டீங்க?" என்று கேட்டிருக்கலாம். ஒரே ஒரு கேள்வி. ஓடைக்கு ஒண்ணு போட்டேன் என்று சொல்லியிருப்பார். அப்புறம் நான் சும்மா இருக்க முடியாது. அதனால்தான் கேட்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அவரு வரட்டும்" என்றேன்.

"சரிங்கம்மா" என்று போய்விட்டார். மறுபடி வரவில்லை. உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அல்லவா, வடக்கே ரோடு போடக் கூலிப் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். அதில் சேர்ந்து போய்விட்டதாக அப்புறம் கேள்விப்பட்டேன். அவர் வந்துபோனதை இவரிடம் அப்போது சொல்லவில்லை. ஆராய்ச்சியை அனுப்ப வேண்டிய நேரம், மனசைக் கலைக்கக்கூடாது என்று நினைத்தேன்.

அந்த ஆராய்ச்சிக் கட்டுரையை நான்தான் படியெடுத்தேன். கோயிலடி 'இடம் அ' ஆயிற்று. ஓடைக்கரை 'இடம் ஆ'. ஒரு கிராமத்தில் நிஜமாக நடத்திப் பார்த்த சோதனை என்று பேராசிரியர் ரொம்பப் பாராட்டினாராம். பல்கலைக்கழகத்தில் இவருக்கு இடம் கிடைத்தது அதனால்தான். நாங்கள் இன்று சாப்பிடுகிற சாப்பாடு அதிலிருந்து வருகிறது.

அந்தக் கோடை

கோயிலடிக் கிணறு வெட்டியாயிற்று. நல்ல தண்ணீராம்.

அடுத்த கோடையில் ஓடை வற்றியது. ஊற்றுக்குழியில் கலங்கலாகக் கொஞ்சம். ஆளும் அதில்தான் குடிக்க வேண்டும், மாடும் அதில்தான். ஒலக்கூர்ப் பக்கம் வாந்திபேதி என்று திண்டிவனத்தில் பேச்சு வந்ததுமே நான் பிள்ளைக்குத் தண்ணீரை இரண்டு தடவை காய்ச்ச ஆரம்பித்துவிட்டேன். கிண்ணம், பாலாடை, பொம்மை என்று ஒன்றையும் விடவில்லை. எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டேன்.

அப்போதுதான் லூர்தம்மாள் வந்தாள். சின்னப்பனின் மனைவி. என் வயதுதான் இருக்கும். அவளும் தெருவிலேயே நின்றாள்.

"நீங்கதான் சீட்டு எண்ணினவங்களா?"

"ஆமா."

"எம் பொண்ணு போயிட்டாம்மா. நேத்தோட எட்டு நாளாச்சு. மூணு வயசு. தூக்க ஆளு வரல. வெல போனவன் ஊட்டு எழவுக்கு வரமாட்டோம்னுட்டாங்க. நானே தூக்கிக்கினு போயி பொதச்சேன்."

நான் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன். அவளைப் பார்த்துப் பயந்தது பாதி. எட்டு நாள்தான் ஆகிறது, இவள் புடவையில், கையில் ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்திருக்குமோ என்று பயந்தது பாதி. பிள்ளையை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அவள் அதைப் பார்த்தாள். 

"ஊட்டுக்காரரு ஓடைக்கு ஒண்ணுன்னு போட்டேன்னு சத்தியம் பண்ணாரு. அது நெசமான்னு மட்டும் சொல்லுங்க."

ஒண்ணுன்னு போட்டேன். அன்று சின்னப்பனிடம் கேட்கப் பயந்த அந்த வார்த்தைதான்.

எல்லாவற்றையும் சொன்னேன். கோடு, நம்பர், மதில், சிலேட்டில் நான் போட்ட பதினாறு. அவள் நடுவில் ஒரு தடவைதான் பேசினாள்.

"ஒண்ணுன்னா மொதல்ல தானேம்மா?"

"ஆமா. மொதல்லதான்."

"அப்ப நீங்க எங்கூட வந்து எங்க ஆளுங்க கிட்ட சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. ஒரு தபா வந்து சொல்லிட்டு வந்துடுங்க. அவருக்கு ஒரு காயிதம் போட்டு வரச் சொல்றேன்."

பேதி பரவியிருக்கிற இடம். இடுப்பில் இருந்து இறங்காத பிள்ளை. இவர் ஊரில் இல்லை. மாமியாரைக் கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும். இதெல்லாம் உண்மைதான். இதை எத்தனை தடவை வரிசைப்படுத்தினாலும் எனக்கே போதவில்லை.

"நான் வரமுடியாது லூர்தம்மா. பிள்ளை இருக்கான். சீட்டைக் குடுக்கறேன், எடுத்துக்கினு போய்க் காட்டு. அதுல அவரு எழுத்தே இருக்கு."

இவருடைய பெட்டியைத் திறந்து அந்த ஏழாவது சீட்டை எடுத்தேன். அவள் கையில் படாமல் அது என் கையிலிருந்து அவள் முந்தானைக்குப் போனது. முடிச்சுப் போட்டுக்கொண்டு போனாள்.

ஏதோ பெரிய தைரியம் செய்துவிட்ட மாதிரி அன்று சாயங்காலம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

உபதேசியார் வாசித்தார்

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் அவள் சீட்டை, ஜெபம் நடத்தும் உபதேசியாரிடம் கொடுத்து எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொன்னாள். அவர் வாசித்தார்.

"கோபுரத்துக்குப் பக்கத்தில் மூன்று. மேட்டுக்கு இரண்டு. ஓடைக்கு ஒன்று."

தூணில் ஒட்டியிருந்த காகிதத்தின் புண்ணியத்தில், மூன்றுதான் ஒசத்தி, ஒன்றுதான் மட்டம் என்று அதற்குள் ஊரில் ஆடு மேய்க்கிற பிள்ளைக்கும் தெரிந்திருந்தது.

"அவன் கையெழுத்துத்தானே?" என்று யாரோ கேட்டார்களாம்.

"அவரு எழுத்துத்தான்" என்று அவளே சொன்னாள். அதற்குப் பிறகு அவள் சொன்ன விளக்கம் யார் காதிலும் ஏறவில்லை.

அதுவரை சந்தேகமாக இருந்தது அன்றோடு ருசுவாகிவிட்டது. சாட்சியை அவள் கையில் கொடுத்து அனுப்பியவள் நான். சீட்டோடு ஆளும் போயிருக்க வேண்டும். ஆள் போகாமல் சீட்டு மட்டும் போனால் அது அவர் குற்றத்தைத்தான் வாசிக்கும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? இவருக்கு மதில் தோன்றாததைக் குறை சொன்னேனே, எனக்கு இது தோன்றியதா?

இவர் வந்ததும் சொன்னேன். சின்னப்பன் வந்தது, லூர்தம்மாள் வந்தது, சிலேட்டு, எல்லாம். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். நோட்டை எடுத்துப் பதினாறு, பதினைந்து என்று கூட்டிப் பார்த்தார்.  மறுநாள் காலை பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்ஸில் புறப்பட்டுச் சேரிக்கே போனார்.

நின்று பேசியிருக்கிறார். எண் வேறு, வரிசை வேறு என்று தரையில் கோடு கிழித்துக் காட்டியிருக்கிறார். ஒரு பெரியவர் எழுந்து, "சாமி, அன்னைக்கு எண்ணினதும் நீங்கதான். மூணுதான் ஒசத்தின்னு எழுதி ஒட்டினதும் நீங்கதான். இப்ப ஒண்ணுதான் ஒசத்தின்றதும் நீங்கதான். நாங்க எத நம்பறது?" என்றாராம்.

இவர் திரும்பி வந்துவிட்டார். மேலிடத்துக்கு எழுதினார், வெட்டின கிணற்றை நகர்த்த முடியாது என்று கூட எழுத யாருக்கும் நேரமில்லை, பதிலே வரவில்லை. புத்தகமாக வருகிற ஆராய்ச்சியில், 'ஒரு சீட்டுத் தவறாக எண்ணப்பட்டிருக்கலாம்' என்று ஒரு வரி சேர்த்தார். அதையும் நான்தான் படியெடுத்தேன். சம்பந்தமில்லாதது என்று மேலே இருந்தவர் சிவப்பு மையால் அடித்துவிட்டார்.

இப்போது சண்டை முடிந்துவிட்டது. கூலிப் பட்டாளத்துக்குப் போனவர்கள் பலர் திரும்பிவிட்டார்கள். சின்னப்பன் வரவில்லை. வடக்கே எங்கோ ரயில் பாதையில் வேலை செய்கிறார், உயிரோடுதான் இருக்கிறார் என்று ஒருவர் சொன்னார். லூர்தம்மாள் சேரியை விட்டு வந்து திண்டிவனம் மில்லில் மல்லாட்டை புடைக்கிறாள்.

இந்த அத்தியாயத்தை இவரிடம் காட்டினேன். உங்கள் வேலைக்கு ஏதாவது வருமோ என்று கேட்டேன். கூட்டலை மட்டும் சரிபார்த்துவிட்டு, "அனுப்பு" என்றார்.

லூர்தம்மாளிடமும் போய்ச் சொன்னேன், மில் வாசலில்.

"எழுதி இன்னாம்மா ஆவப்போவுது?" என்றாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை. கொஞ்சம் கழித்து, "எழுதறதுன்னா அவரு பேர மாத்தாம எழுதுங்க. அவருக்குப் படிக்கத் தெரியும்" என்றாள்.

மாற்றவில்லை. அந்த ஊர்க்காரர்கள் இதைப் படித்தால், படிக்கத் தெரியாதவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். ஓடைப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த ஒன்று, முதலாவது என்று அர்த்தம். கோபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மூன்று, கடைசி என்று அர்த்தம். அதைத் திருப்பி எண்ணியது நாங்கள். சின்னப்பன் ஓடைக்குத்தான் போட்டார்.